எந்தத் தண்ணி மீன்?

பத்தாங் பெர்ஜுந்தாய் என்று நாங்கள் சொல்லி வளர்ந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய அந்தச் சிற்றூரைச் சுற்றி என் தாத்தா காலத்தில் பால்மரம். என் காலத்தில் செம்பனை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் அந்தப் பக்கத்தில்தான் போடப்பட்டது. தோட்டங்கள் முடிகிற இடத்தில் வடக்கே காடு தொடங்கும். எழுபதாயிரம் எக்டருக்கு மேல் பரந்த பீட் சதுப்புக் காடு. விழுந்த இலையும் மரமும் முழுதாக மக்காமல் தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து படிந்து உண்டான தரை அது. அந்தத் தண்ணீர் பால் ஊற்றாத கோப்பி ஓ நிறத்தில் இருக்கும். உள்ளங்கையில் அள்ளினால் தெளிவு; வாளியில் நிறைத்தால் கறுப்பு.

தோட்டத்தையும் காட்டையும் பிரித்தது ஒரு மண் சாலை. சாலையின் இந்தப் பக்கத்து வாய்க்காலில் கலங்கிய மஞ்சள் தண்ணீர், புல், கோரை, தவளை. அந்தப் பக்கம் கறுப்புத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே இருபது அடிகூட இருக்காது. ஆனால் இந்தப் பக்கத்து மீனை அந்தப் பக்கத்தில் நான் பார்த்தது அபூர்வம். பெட்டா மீன்களைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சாலையின் இரு ஓரங்களில் குந்தி உட்கார்ந்து கற்றதுதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சண்டை மீன் என்றால் இந்தப் பக்கத்து மீன். மலாய்ப் பிள்ளைகள் இக்கான் பெலாகா என்பார்கள். ஜாம் போத்தலில் ஒன்று, ஹார்லிக்ஸ் போத்தலில் ஒன்று, நடுவில் அட்டை. அட்டையை எடுத்தால் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியை முட்டும். ஆண் மீனுக்குக் கறுத்த உடல். ஒவ்வொரு செதிலிலும் நீலமோ பச்சையோ ஒரு துளி மினுக்கம். வால் துடுப்பின் ஓரத்தில் பிறையாக ஓடும் சிவப்பு, அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை. வயிற்றுத் துடுப்பு சிவந்து நுனி மட்டும் வெளுத்திருக்கும். கடையில் விற்கும் மீன்போல நீண்ட வாலோ ஆடம்பரமோ கிடையாது. சண்டையும் பெரிதாக இருக்காது. விரிக்கும், வளையும், தோற்றது ஒதுங்கும், அவ்வளவுதான். இதற்குத்தான் பெட்டா இம்பெல்லிஸ் என்று பெயர் என்பதும், கோலாலம்பூர்ப் பக்கத்து மீனைக் கொண்டு லாடிகெஸ் என்ற ஜெர்மானியர் 1975இல் அதை விவரித்தார் என்பதும் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்த செய்தி.

சித்தப்பா தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும் கூட்டத்தில் இருந்தார். மீனோடு போய் நின்றால் போத்தலை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடிப்பார். மீனின் நிறத்தையோ வாலையோ பற்றிப் பேச்சே வராது.

“எந்தத் தண்ணிடா?”

“அந்தப் பக்கம், சித்தப்பா.”

“அப்ப அந்தத் தண்ணியே ஒரு வாளி கொண்டா. இந்தத் தண்ணியில உட்டா நாளைக்கி மெதக்கும்.”

அவர் சொன்னதில் முழு உண்மை இருந்தது. பீட் சதுப்பின் நீரில் அமிலத்தன்மை அதிகம், பி.எச். அளவு நான்கின் பக்கத்தில் நிற்கும். கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை. பாக்டீரியாவும் மிகக் குறைவு. அந்த நீரில் பிறந்த மீனுக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் பெருகும் கிருமிகளோடு பழக்கமே கிடையாது. தோல் வெளுத்து, துடுப்பு மடிந்து, சாப்பிடாமல் போய்விடும். முட்டைகளோ பூஞ்சை பிடித்துப் பொரிக்காமலே நின்றுவிடும்.

அந்தப் பக்கத்தில் சித்தப்பா எனக்குக் காட்டிய மீன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இலைக் குவியலைக் கையால் அப்படியே அள்ளி வலைச்சட்டியில் போட்டு, ஒவ்வோர் இலையாக எடுத்து வெளியே வைத்தார். கடைசி இலைக்கு அடியில் ஒரு சிவப்பு நெளிந்தது. விலாவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அதுவும் மீன் திரும்பும்போதுதான் தெரியும். சிலாங்கூர்ச் சதுப்புகளுக்கே உரிய பெட்டா லிவிடா அது. பீட்டர் இங், மோரிஸ் கொட்டெலா இருவரும் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியது 1992இல். நான் அதை முதன்முதல் பார்த்தபோது அது உலகத்துக்குப் பெயரில்லாத மீன். அந்த நினைப்பு இப்போதும் எனக்குச் சிலிர்ப்பைத் தருகிறது.

கறுப்புத் தண்ணீரில் மீனே அதிகம் இருக்காது என்று நெடுங்காலம் நம்பியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் இறங்கித் தேடியபோதுதான் அந்தச் சதுப்பின் மீன்வளம் முழுதாகத் தெரிந்தது. அங்கே இருக்கும் மீன்களில் பல, மேலே வந்து காற்றை விழுங்குபவை. செவுளுக்கு மேலே தலைக்குள் ஓர் அறை. அதில் மடிப்பு மடிப்பாக மெல்லிய எலும்புத் தகடு. தகட்டின்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த தோல். இதுதான் லேபிரிந்த் உறுப்பு. உயிர்வளி குறைந்த நீரிலும் இவை பிழைத்திருப்பது இதனால்தான். குஞ்சு பொரித்து வந்த உடனே இந்த உறுப்பு இருக்காது. சில வாரங்கள் கழித்துத்தான் உருவாகும். ஆகவே வளர்ப்பவர்கள் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட வேண்டும். நீருக்கு மேலே உள்ள காற்று ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால்தான் குஞ்சு அந்தக் கட்டத்தைத் தாண்டும். மூடிக்கு வேறொரு காரணமும் உண்டு. பெட்டா குதிக்கும், விரற்கடை இடைவெளி போதும்.

அடையாளம் காண்பது பற்றி எனக்கு வரும் கேள்விகள் எல்லாமே நிறத்தில் தொடங்குகின்றன. “சிவப்பா இருக்கு சார், விலாவில புள்ளி இருக்கு, என்ன மீன்?” நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. பிடித்தவுடன் மீன் பயத்தில் வெளுத்துவிடும். உடலில் இரண்டு நீளவாட்டுக் கோடுகள் தோன்றும். அந்த நிலையில் ஏறக்குறைய எல்லாப் பெட்டாவும் ஒன்றுபோலத்தான். சுத்தமான சிறிய கண்ணாடிப் பெட்டியில், அது வந்த தண்ணீரிலேயே, காய்ந்த இலை ஒன்றோடு விட்டு, மேலே துணி போட்டு மூடிவிட வேண்டும். நிதானம் வந்த பிறகு துணியை விலக்கினால் மீன் தன் நிறத்தைக் காட்டும்.

முதலில் கேட்க வேண்டியது இனப்பெருக்கத்தைப் பற்றி: நுரைக் கூடு கட்டுமா, வாயில் முட்டை சுமக்குமா? இம்பெல்லிஸும் லிவிடாவும் நுரைக் கூடு. மலையோடைகளில் இருக்கும் பெட்டா பக்னாக்ஸ் வாயில் சுமப்பது. பினாங்கிலிருந்து காண்டோர் 1849இல் விவரித்த மீன் அது. தலை பெரிதாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். ஓடைக் கரை வேருக்கு அடியில் தொண்டை உப்பிய ஒரு மீன் அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் ஆண், வாய் நிறைய முட்டை. இணை சேரும்போது பெண் முட்டைகளை வாயால் பொறுக்கி ஒவ்வொன்றாக ஆணின் முன் துப்பும், ஆண் எட்டிப் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாலைகளில் என் வீட்டில் விளக்குப் போடக்கூட யாரும் எழுந்ததில்லை.

அடுத்தது செவுள் மூடி. இம்பெல்லிஸுக்கும் அதன் உறவுகளுக்கும் இதுதான் முகவரி. தாய்லாந்தின் பெட்டா ஸ்ப்லெண்டென்ஸுக்குச் செவுள் மூடியில் சிவந்த இரு கோடுகள். இம்பெல்லிஸுக்கு அந்தச் சிவப்பு இல்லை; நீலமோ பச்சையோ பூசியதுபோல் இருக்கும். மேக்கோங் பக்கத்து ஸ்மராக்டினாவுக்குச் செவுள் மூடி முழுவதும் பாம்புத் தோல் அடுக்கில் பச்சைச் செதில். பாங்காக்கை அடுத்த உப்பங்கழி நிப்பாப் புதர்களில் வாழும் மஹாச்சாயென்சிஸுக்கு இரண்டு பச்சைக் கோடுகள். அதற்குப் பெயர் கிடைத்ததே 2012இல்தான். இந்த உறவுகள் எல்லாம் ஒன்றோடொன்று கூடும், குஞ்சும் பொரிக்கும். கடை மீனை யாரோ வாய்க்காலில் விட்டுவிட, இன்று மலேசிய வாய்க்கால்கள் பலவற்றில் இம்பெல்லிஸின் செவுளில் சிவப்பு தட்டுகிறது. நான் சிறுவனாக ஜாம் போத்தலில் வைத்திருந்த அந்தச் சுத்தமான பிறைச் சிவப்பு மீனைப் பார்க்க இப்போது ஊரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சில மீன்களைக் கீழேயிருந்துதான் பார்க்க வேண்டும். எங்கள் சதுப்பில் லிவிடாவைப்போல இரண்டு மடங்கு நீளமுள்ள, வாயில் சுமக்கும் ஒரு பெட்டா உண்டு: ஹிப்போசிடெரோஸ். அதே இங், கொட்டெலா இருவரும் 1994இல் பெயரிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் அதன் உறவான வசேரியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். கண்ணாடிப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, தாடையையும் தொண்டையையும் பார்த்தால் கறுப்புக் குறிகள் தெரியும். அந்தக் குறிகளின் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. டான் ஹியோக் ஹுயியும் பீட்டர் இங்கும் 2005இல் சிங்கப்பூர், மலேசியா, புருணை நாட்டுப் பெட்டாக்களைப் பற்றி வெளியிட்ட பெரிய ஆய்வு கையில் கிடைத்தபோது நான் முதலில் புரட்டியது இந்தத் தொண்டைப் படங்களைத்தான். பின்னர் துடுப்புக் கதிர்களையும் செதில் வரிசைகளையும் எண்ணக் கற்றேன். கண்ணுக்குக் கடுமையான வேலை. ஆனாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தால் எழ மனம் வராது.

சின்னஞ்சிறு சிவப்பு மீன்கள்தான் இருப்பதிலேயே சிக்கல். சுமத்ராவின் கொக்கினா 1979இல் பெயர் பெற்றது. பகாங்கின் துஸ்ஸியே 1985; அதற்கு விலாவில் புள்ளி இல்லை. ஜோகூர் ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பெர்செஃபோன் 1986. கருநீலம், அதற்கும் புள்ளி இல்லை. பிறகு எங்கள் லிவிடா, பச்சைப் புள்ளியோடு. பெண்களை வரிசையாக வைத்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைகளில் எல்லாவற்றையும் கொக்கினா என்ற ஒரே பெயரில் விற்பார்கள். எங்கள் ஊர் மீன் கடைத் தவுக்கேயிடம் ஒருமுறை, “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். “ஆள் கொண்டு வந்தான்,” என்றார். அவர்மேல் குறை இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த மீனின் பெயர் அங்கேயே தொலைந்துவிட்டது. எந்த ஆற்றுப் படுகை, எந்தச் சதுப்பு என்ற விவரம் இல்லாத சிவப்பு மீனுக்கு எவ்வளவு பெரிய நிபுணரும் ஓர் ஊகத்துக்கு மேல் தர முடியாது. “எந்தத் தண்ணிடா?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் மற்றதெல்லாம் அரைகுறைதான்.

வளர்ப்பதிலும் அதே கேள்விதான் வழிகாட்டியது. என் தம்பி மகன் ராவாங்கில் வேலை பார்க்கிறான். பெரிய தொட்டி ஒன்று வாங்கிவிட்டு வந்து கேட்டான்: “பெரியப்பா, எல்லாமே மேல வந்து மூச்சு விடுற மீனுங்கதானே? எல்லாத்தையும் ஒண்ணா உடலாமா?”

“மூச்சு ஒண்ணா இருந்தாப் போதுமாடா? தண்ணி ஒண்ணா இருக்கணும். வாய் அளவு ஒண்ணா இருக்கணும். சாப்பிடுற வேகம் ஒண்ணா இருக்கணும்.”

வாய்க்கால் பக்கத்து மீன்களுக்கு நான் வைத்திருக்கும் தொட்டி நாலடி. இம்பெல்லிஸ் ஆண் இரண்டு, பெண்கள் சில, அவற்றோடு திரிக்கோப்சிஸ் விட்டாட்டா கூட்டம். கண்மறைவு கொடுக்கும் அளவுக்குச் செடி அடர்ந்திருந்தால் இம்பெல்லிஸ் ஆண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு பிழைத்துப்போகும். ஸ்ப்லெண்டென்ஸிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. விட்டாட்டா கரகரக்கும் மீன். மார்புத் துடுப்பின் தசைநாண்கள் உரசி எழும் ஒலி அது. அறையின் மறுகோடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் காதில் விழும். அந்திநேரத்தில் இரண்டு விட்டாட்டா நேருக்கு நேர் நின்று கரகரப்பதும், அதைக் கேட்டு இம்பெல்லிஸ் தன் நுரைக் கூட்டுக்கடியில் விறைத்து நிற்பதும் வயதான எனக்கு வாய்த்த நல்ல பொழுதுபோக்கு. இவற்றோடு செப்பாட் ரொங்கெங் என்று சந்தையில் விற்கும் முப்புள்ளிக் கௌராமியை விட மாட்டேன். வாய்க்காலில் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே விரட்டப்பட்ட மீன் ஓட நெடுந்தூரம் இருக்கிறது.

கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வேறு கதை. மழைநீர், கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, நாலு விரல் கனத்துக்கு, மெதுவாகக் கொப்புளிக்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டி, மங்கிய வெளிச்சம். அதில் லிவிடா அடியிலே இருக்கும். நடுவே சாக்லெட் கௌராமி மிதந்து திரியும். அதுவும் வாயில் முட்டை சுமப்பது, ஆனால் சுமப்பது பெண். இலைபோல் மெல்ல அசைந்து, அவசரமே இல்லாமல் சாப்பிடும் மீன். இரண்டுக்கும் ஒரே காட்டுத் தண்ணீர், வேறு வேறு தளம். இந்தச் சேர்க்கை நிலைக்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மை குறைந்தால் முதலில் உடம்புக்கு வருவது சாக்லெட் கௌராமிதான். தோலில் பொன்தூள் தூவியதாகத் தெரியும் வெல்வெட் நோய். ஆகவே தொட்டியின் நிலையை அதன் முகத்திலேயே படிக்கலாம்.

லிவிடாவோடு எல்லோரும் சேர்க்க விரும்பும் மற்றொரு மீன் பரோஸ்ப்ரோமெனஸ் ஹார்வேயி. எங்கள் சிலாங்கூர்ச் சதுப்பின் மீன். 1987இல் பெயர் பெற்றது. மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். ஆண் தன் துடுப்புகளைத் திறந்து பெண் முன்னால் தலைகீழாக நிற்கும்போது நீலப் பச்சைப் பட்டைகள் எரியும். காட்டில் ஒரே இலைக் குவியலில் லிவிடாவும் ஹார்வேயியும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இருந்தும் தொட்டியில் சேர்ப்பதில்லை. ஹார்வேயி உயிருள்ள இரையைத்தான் தின்னும். அதையும் உடனே தின்னாது. பார்க்கும், யோசிக்கும், பக்கத்தில் போகும், மறுபடி பார்க்கும். அதற்குள் லிவிடா மொத்தத்தையும் முடித்துவிடும். கடிக்கவில்லை, விரட்டவில்லை என்று வளர்ப்பவர் நிம்மதியாக இருப்பார். ஹார்வேயி வாரக்கணக்கில் மெலிந்து ஒருநாள் காணாமல் போகும். அதற்குத் தனித் தொட்டி, குகை மாதிரி ஒரு சிறு குழாய், நாள்தோறும் ஆர்ட்டீமியா குஞ்சு அல்லது நீர்த்தெள்ளு. கொசுப்புழு அதைவிட நல்ல இரைதான். ஆனால் மலேசியாவில் வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் உண்டு. டெங்கி படுத்தும் பாட்டைப் பார்த்தவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் பக்கத்து மீன் பண்ணையில் நீர்த்தெள்ளு வாங்குகிறேன்.

பாட்டி தென்னாற்காட்டிலிருந்து வந்தவர். சித்தப்பா வாய்க்காலில் பூயூ மீன் பிடித்து வந்தால், “பனையேறியா? எங்க ஊர் மீனு,” என்று அதை வாங்கி மடியில் வைக்காத குறையாகப் பார்ப்பார். அதுவும் லேபிரிந்த் மீன்தான். தரங்கம்பாடியில் இருந்த டல்டார்ஃப் என்ற டேனியப் படையதிகாரி, பனைமரப் பிளவில் ஈரத்தோடு ஏறிக்கொண்டிருந்த ஒன்றை 1791இல் தன் கையால் எடுத்ததாக எழுதியது லண்டன் லின்னேயன் சங்க ஏட்டில் 1797இல் வந்தது. பாட்டி பார்த்திராத இன்னொன்றை நான் புதுச்சேரி போனபோது ஒரு குளக்கரையில் பார்த்தேன்: சூடோஸ்ப்ரோமெனஸ் குப்பானஸ். அரியாங்குப்பம் ஆற்று மீனைக் கொண்டு கூவியே 1831இல் பெயரிட்டது. விரல் நீளம், முள்போல் நீண்ட வால் நுனி, இணை சேரும்போது பெண் கறுத்துவிடும். பெட்டாவுக்கு இவ்வளவு பொருத்தமான அமைதியான துணை தமிழ்நாட்டுக் குளத்திலேயே இருக்க, மக்கள் தாய்லாந்து மீனைத் தேடி ஓடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிட்டு இழுத்துச் செல்லச் சதுப்புக்குள் வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்கால் வழியே தண்ணீர் வடிந்தது. வடிந்த பீட் தரை காய்ந்தால் எரியும், தரைக்கு அடியில் நாள்கணக்கில் புகையும். ராஜா மூசாக் காட்டுப் பகுதியில் வறட்சி வந்தால் தீயும் வருகிறது. வாய்க்கால்களுக்குக் குறுக்கே தடுப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கும் வேலை நடக்கிறது. எரிந்த இடத்தில் மரம் நடுகிறார்கள். நானும் என் மாணவர்களோடு போய் நட்டிருக்கிறேன். தண்ணீர் மறுபடி மேலேறிய ஒரு துண்டில் இலையை அள்ளிப் பார்த்தபோது சிவப்பு நெளிந்தது. விலாப் புள்ளியைப் பார்க்கப் போத்தலை வெயிலுக்குப் பிடித்தேன்; அது லிவிடாதான். அங்கேயே விட்டுவிட்டேன்.

காட்டிலிருந்து மீன் எடுப்பதை நான் நிறுத்தி வெகுகாலமாகிறது. தொட்டியில் பொரித்தவற்றையே பகிர்கிறேன். வாங்க வருபவர்களுக்கு இரண்டு கட்டளை. பைமேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்தச் சதுப்பு, எந்த வாய்க்கால் என்று இருப்பதை எங்கே போனாலும் மீனோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். லிவிடாவைக் கொக்கினா, துஸ்ஸியே, பெர்செஃபோன் என்று எந்தச் சிவப்பு உறவோடும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. அழகான குஞ்சு பிறக்கும், ஆனால் அதைத் திருப்பி விட உலகத்தில் எந்தத் தண்ணீரும் இருக்காது. தம்பி மகன் கடைசியில் பெரிய தொட்டியை நடுவே கண்ணாடி வைத்து அடைத்து, ஒரு பாதியில் மழைநீர் நிரப்பியிருக்கிறான். போன மாதம் ஆறு லிவிடாக் குஞ்சுகள் கொடுத்தனுப்பினேன். சீட்டை மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருப்பதாகப் படம் அனுப்பினான். மற்றப் பாதிக்கு விட்டாட்டா எப்போது தருவீர்கள் என்று கீழே கேட்டிருந்தான்.